கறிவேப்பிலையில் புழு: கொல்வதா, வளர்ப்பதா?

சென்னை கொடுங்கையூரிலிருந்து வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டின் பின்பக்கம் துணி காயப்போடும் அளவுக்குக் கொஞ்சம் இடம். அங்கே ஆளுயரக் கறிவேப்பிலை ஒன்றும், பெயிண்ட் வாளியில் ஓர் எலுமிச்சையும் நிற்கின்றன. மொட்டை மாடியில் இன்னும் சில தொட்டிகள். தீபாவளியை ஒட்டிப் பெய்த மழைக்குப் பிறகு கறிவேப்பிலையில் புழுக்கள் வந்துவிட்டன. ஆறாம் வகுப்புப் படிக்கும் பேத்தி அவற்றை வளர்த்துப் பார்க்க ஆசைப்பட, தாத்தா ஒன்பது புழுக்களைப் பழைய ஊறுகாய் ஜாடியில் போட்டு, மூடியில் ஆணியால் துளையிட்டுக் கொடுத்திருக்கிறார். இரண்டு மட்டுமே நல்லபடியாகப் பறந்தன. ஒன்று சுருண்ட இறக்கையோடு வெளிவந்து மறுநாள் செத்துப்போனது. ஒரு கூட்டுப்புழு கறுத்து, அதிலிருந்து எறும்பைவிடச் சிறிய ஈக்கள் கூட்டமாகக் கிளம்பின. மற்ற ஐந்தும் கூடாக மாறவே இல்லை. போதாக்குறைக்கு, ஜாடியின் அடியில் சிவப்பாகச் சிந்தியிருந்ததைப் பார்த்து "ரத்தம்" என்று பேத்தி அழுதுவிட்டாள்.

இதற்கிடையே அடுத்த வீட்டு முருங்கையில் கம்பளிப்பூச்சிகள் அடை அடையாக அப்பிக்கொண்டன. மதிலோரம் விளையாடிய பேத்திக்குக் கழுத்தெல்லாம் தடித்துவிட்டது. அன்று முதல் வாசகரின் மனைவி எல்லாப் புழுவுக்கும் ஒரே தீர்ப்பை எழுதிவிட்டார்: வேப்பெண்ணெய். "இயற்கை மருந்துதானே, புழு சாகாது, செடியை விட்டு ஓடிவிடும்" என்பது அவர் கட்சி. அடுத்த வீட்டுக்காரரோ மரத்துக்குத் தீப்பந்தம் காட்டப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். கறிவேப்பிலையில் முட்டையிட வரும் சிவப்புப் புள்ளி போட்ட கறுப்பு வண்ணத்துப்பூச்சி அரசு பாதுகாக்கும் இனம், அதன் புழுவை வீட்டில் வைத்திருந்தால் வழக்கு வரும் என்று நண்பர் ஒருவர் பயமுறுத்தியும் வைத்திருக்கிறார். கொசுப் புகை அடிக்க வரும்போது என்ன செய்வது என்பது கடைசிக் கேள்வி.

ஐயா, கேள்விகள் பல இருந்தாலும் உங்கள் வீட்டில் குழப்பம் ஒன்றுதான். கறிவேப்பிலைப் புழுவும் முருங்கைப் புழுவும் ஒரே கூட்டம் என்று முடிவாகியிருக்கிறது. உங்கள் மனைவியைக் குறை சொல்ல மாட்டேன். பேத்தியின் கழுத்தைப் பார்த்த எந்தப் பாட்டியும் வேப்பெண்ணெயைத்தான் எடுப்பார். ஆனால் குழந்தையைத் தடிக்க வைத்தது மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்த புழு. மருந்து வாங்கிக்கொண்டது இந்தப் பக்கம் இருந்த புழு.

முதலில் செடியைப் பாருங்கள்

நீங்கள் அனுப்பிய படங்களில் பழுப்பும் வெள்ளையுமாக ஒரு புழு இருக்கிறது. நல்ல பச்சையில் இன்னொரு புழு இருக்கிறது. இரண்டும் வேறு வேறு இனம், பச்சையை வைத்துக்கொண்டு பழுப்பை எடுத்துப் போட்டுவிடலாமா என்று கேட்கிறீர்கள். போட்டுவிடாதீர்கள். இரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள், வயதுதான் வேறு. கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் வளரும் புழு ஐந்து பருவங்களைக் கடக்கிறது. முதல் நான்கு பருவங்களிலும் இலைமேல் விழுந்த காக்கை எச்சம்தான் என்று பார்ப்பவர் நம்ப வேண்டும் என்பது அதன் ஏற்பாடு. ஈரம் மினுங்குவதுகூட எச்சத்தின் மினுக்கம்தான். கடைசித் தோலை உரித்ததும் ஒரே நாளில் பச்சையாகிவிடும். முன்பக்கம் புடைத்து, அங்கே கண்போல இரண்டு புள்ளிகள் தெரியும். அந்தப் புடைப்பை ஈர்க்குச்சியால் மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செந்நிறமாக ஒரு கவட்டை நீண்டு வரும். நாரத்தை அழுகியதைப் போன்ற காரமான நெடி அடிக்கும். எறும்பையும் குளவியையும் விரட்ட அதனிடம் உள்ள ஆயுதம் அது ஒன்றுதான். நமக்கு அதனால் எந்தத் தீங்கும் இல்லை. ஒருமுறை பேத்திக்குக் காட்டுங்கள்; தினமும் சீண்ட வேண்டாம்.

நிறமும் உருவமும் இப்படி மாறிக்கொண்டே இருப்பதால், புழுவை அடையாளம் காண நம்பகமான வழி அது உட்கார்ந்து தின்னும் செடிதான். வண்ணத்துப்பூச்சி கண்ட செடியில் முட்டையிடாது. தாய்ப்பூச்சி முன்னங்கால்களால் இலையைத் தட்டித் தட்டிப் பார்த்து, கால்களாலேயே ருசி அறிந்து, தன் பிள்ளை தின்னக்கூடிய இலைதான் என்று உறுதியான பிறகே முட்டை வைக்கும். கறிவேப்பிலை, எலுமிச்சை, நாரத்தை, வில்வம் ஆகியவற்றில் கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்ற வண்ணத்துப்பூச்சிகள் வரும். எருக்கில் வெள்ளை, கறுப்பு, மஞ்சள் பட்டைகளோடு முதுகில் கறுப்பு இழைகள் நீட்டிய புழு இருந்தால் அது வெந்தய வரியன். கொன்றையிலும் சீமையகத்தியிலும் இலை நிறத்திலேயே பக்கவாட்டில் வெள்ளைக் கோடு ஓடினால் கொன்னை வெள்ளையன். அரளி இலைக்கு அடியில் வெள்ளி முலாம் பூசிய கூடு தொங்கினால், முலாம் பூசியவர் யாரும் இல்லை. அது வெண்புள்ளிக் கருப்பனின் கூட்டுப்புழு. நகரமெங்கும் மதிலோரமாக ஊசிபோல நிற்கும் நெட்டிலிங்கத்தில்கூட வண்ணத்துப்பூச்சிப் புழு உண்டு.

இன்னொரு சந்தேகமும் உங்களுக்கு இருக்கிறது: முள் உள்ள புழு எல்லாம் கொட்டுமா? ஆமணக்கு இலையில் கிளைகிளையாக முள் விட்ட புழு இருக்கும். பார்க்கத்தான் பயங்கரம், அது ஒன்றும் செய்யாத வண்ணத்துப்பூச்சிப் புழு. அதே ஆமணக்கிலும் தென்னையிலும் மாவிலும் நத்தைபோல நகரும், பச்சை உடலில் நீலக் கோடும் குட்டை முட்கொத்துகளும் கொண்ட இன்னொரு புழு உண்டு. அது அந்துப்பூச்சி வகை. தொட்டால் நெருப்புப் பட்டதுபோல எரியும். ஆகவே வீட்டுக்கு ஒரு சட்டம் போதும்: முடியோ முள்ளோ உள்ள எதையும் கையால் தொடுவதில்லை. வழவழவென்று இருக்கும் கறிவேப்பிலைப் புழு அந்தச் சட்டத்துக்குள் வராது. அதற்காக அந்துப்பூச்சிகள் எல்லாம் எதிரிகள் என்றும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அவற்றின் புழுக்களிலும் பெரும்பாலானவை அப்பாவிகளே.

ஜாடிக்குள் என்ன நடந்தது

ஒன்பதில் இரண்டு பிழைத்ததைத் தோல்வி என்று எழுதியிருக்கிறீர்கள். திறந்த செடியில் விட்டிருந்தாலும் கணக்கு இதைவிட மேலாக இருந்திருக்காது. தையல்சிட்டும் ஓணானும் குளவியும் சிலந்தியும் இந்தப் புழுக்களை நம்பித்தான் குடும்பம் நடத்துகின்றன. முட்டைகளில் மிகச் சிலவே இறக்கையோடு பறக்கும். இருந்தாலும் ஜாடியில் நடந்தவற்றில் சில தவிர்க்கக்கூடியவை என்பதால் ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

கூடாகாமல் போன ஐந்தையும் பெரும்பாலும் ஈரம் கொன்றிருக்கும். கண்ணாடி ஜாடியில் இலையின் நீர் ஆவியாகிச் சுவரில் வழிகிறது. கழிவு உருண்டைகள் ஊறிப் பூசணம் பூக்கிறது. பறித்த கறிவேப்பிலை மறுநாளே வாடுகிறது, வாடிய இலையைப் புழு தின்பதில்லை. "கடைசி நாளில் வயிற்றுப்போக்கு கண்டது, இலையைத் தொடாமல் மூடிக்கும் அடிக்கும் ஓடிக்கொண்டே இருந்தது, பிடித்துப் பிடித்து இலைமேல் விட்டோம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது நோய் இல்லை ஐயா. கூடு கட்டும் முன் புழு வயிற்றைக் காலி செய்யும்; அப்போது கழிவு நீர்த்து வரும். பிறகு செடியை விட்டு இறங்கி, தோதான குச்சியையோ சுவரையோ தேடி நீண்ட தூரம் நடக்கும். பிடித்துப் பிடித்து இலையில் விட்டது அதன் வேலையைக் கெடுத்திருக்கும். அந்த நேரத்தில் சாய்வாக ஒரு குச்சியை வைத்துவிட்டு ஒதுங்கிவிட வேண்டும். இடம் பிடித்ததும் வால் நுனியைப் பட்டுத் திட்டில் ஊன்றி, இடுப்பைச் சுற்றி ஒரு பட்டு இழையைக் கட்டிக்கொண்டு, தலையை மேலே வைத்துச் சாய்ந்திருக்கும். ஒரு நாளைக்குள் தோல் உரிந்து கூட்டுப்புழு வெளிப்படும். பச்சை இலைகளுக்கு நடுவே என்றால் பெரும்பாலும் பச்சையாகவும், காய்ந்த குச்சியில் என்றால் பழுப்பாகவும் இருக்கும். "ஒன்று பச்சை, ஒன்று பழுப்பு, பழுப்பு செத்துவிட்டதா" என்ற உங்கள் சந்தேகத்துக்கு இதுதான் பதில்.

சுருண்ட இறக்கைக்குக் காரணம் வழுக்கும் கண்ணாடி. கூட்டிலிருந்து வெளிவரும் பூச்சியின் இறக்கை ஈரமாக, மடிந்து, சிறியதாக இருக்கும். அது உடனே எதையாவது பற்றி ஏறித் தொங்கியாக வேண்டும். தொங்கியபடி உடல்நீரை இறக்கை நரம்புகளுக்குள் செலுத்தினால்தான் இறக்கை விரியும். பற்றுவதற்குச் சொரசொரப்பு இல்லாமல் அடியில் விழுந்து கிடந்தால் மடிந்தபடியே காய்ந்துவிடும். பிறகு யாராலும் விரிக்க முடியாது. பேத்தி பார்த்த "ரத்தம்" அந்த நேரத்தில் பூச்சி வெளியேற்றும் கழிவு நீர். கூட்டுக்குள் இருந்த காலமெல்லாம் சேர்ந்தது. ஆரோக்கியமான பூச்சியும் அதை வெளியேற்றும் என்று அவளிடம் சொல்லுங்கள்.

கறுத்த கூட்டின் கதை வேறு. வந்தவை ஈக்கள் அல்ல, ஒட்டுண்ணிக் குளவிகள். புழு தோல் உரித்துக் கூட்டுப்புழுவாகும் தறுவாயில் அருகிலேயே காத்திருந்து, தோல் இறுகும் முன் உள்ளே முட்டையிட்டுவிடும். நீங்கள் போட்ட ஆணித் துளை அதற்குத் தாராளமான வாசல். அழுக்கிலிருந்து உண்டானதோ என்று வருந்தியிருக்கிறீர்கள்; அப்படியில்லை. அந்தக் குளவிகள் மனிதரைக் கொட்டுவதில்லை, தோட்டத்தில் அவற்றுக்கும் வேலை இருக்கிறது. ஆனால் எல்லாக் கறுப்பும் சாவு அல்ல என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பூச்சி வெளிவருவதற்கு முந்தைய நாள் கூட்டின் தோல் கண்ணாடிபோல் தெளிந்து, உள்ளே மடிந்த இறக்கையின் கறுப்பும் வெள்ளைப் புள்ளிகளும் தெரியும். அது நல்ல கறுப்பு. மறுநாள் காலையில் எழுந்து பாருங்கள். ஒரே சீராக மங்கிக் கறுத்து, பல நாள் அப்படியே இருந்து, பக்கவாட்டில் குண்டூசித் துளை விழுந்தால் குளவி. கூழாகி நாற்றமடித்தால் நோய். அதை உடனே அகற்றிவிட்டுப் பாத்திரத்தைப் பிளீச்சிங் பவுடர் கரைசலில் கழுவி வெயிலில் காயவையுங்கள்.

அடுத்த முறை ஜாடியே வேண்டாம். எறும்பு ஊராத ஒரு கிளையைத் தேர்ந்தெடுத்து, மூன்று நான்கு சிறு புழுக்களை அதில் விட்டு, மெல்லிய பழைய துப்பட்டாவைப் பைபோலத் தைத்துக் கிளையோடு போர்த்தி, வாயை நூலால் கட்டிவிடுங்கள். கொசுவலையைவிட இது நெருக்கமான துணி. குளவிக்கு வழி கிடைக்காது, காற்றும் வெளிச்சமும் போகும், இலை வாடாது. இலை தீர்ந்தால் பையை அடுத்த கிளைக்கு மாற்றுங்கள். பைக்குள் ஒரு காய்ந்த குச்சியும் இருக்கட்டும். முட்டையாகவோ மிகச் சிறிய புழுவாகவோ இருக்கும்போதே பையிட்டால்தான் பயன் அதிகம். பெரிய புழுவுக்குள் ஏற்கனவே ஒட்டுண்ணி குடியேறியிருக்கலாம். முட்டை, கடுகைவிடச் சிறிய வெளிர்மஞ்சள் முத்து. கொழுந்தின் மேல் தனித்தனியாக இருக்கும். பொரிக்க மூன்று நான்கு நாட்கள், புழுவாக இரண்டு வாரம் அளவில், கூட்டில் பத்து நாட்கள் அளவில் ஆகும். குளிர்ந்த மழை நாட்களில் இன்னும் சற்று நீளும்.

சுவரிலோ துணிக்கொடியிலோ கட்டிய கூட்டைப் பிய்த்து எடுக்காதீர்கள். தானாக விழுந்துவிட்டால், தடித்த காகிதத்தைச் சிறு கூம்பாகச் சுருட்டி, வால் நுனி கீழே போகும்படி கூட்டை அதில் நிறுத்தி, சொரசொரப்பான சுவரோரம் சாய்த்து ஒட்டிவையுங்கள். வெளிவரும் பூச்சி ஏறிக்கொள்ளும். இறக்கை காய ஓரிரு மணி நேரம் ஆகும். பேத்தி அந்த நேரத்தில் தொட்டுவிடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

வேப்பெண்ணெயும் ரசமும்

வேப்பெண்ணெய் புழுவை ஓட்டுவதோடு நிற்பதில்லை. அதில் உள்ள கசப்புப் பொருள், புழு தோல் உரிப்பதற்குத் தேவையான சுரப்பையே குலைக்கிறது. தெளித்த இலையைத் தின்ற புழு உடனே சாகாது; பசியின்றிச் சுருங்கி, பழைய தோலுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு சில நாட்களில் சாகும். செத்ததைப் பார்க்காததால் "ஓடிவிட்டது" என்று உங்கள் வீட்டு அம்மா நினைத்திருக்கிறார். கடையில் விற்கும் பாக்டீரிய மருந்தும் இயற்கையானதுதான்; அதுவும் புழுவைக் கொல்வதற்கென்றே உள்ளது. இயற்கை மருந்து என்றால் உணவுக்கு உகந்தது என்று வேண்டுமானால் சொல்லலாம், புழுவுக்கு உகந்தது என்று சொல்ல முடியாது.

அதே நேரம் அம்மாவின் பக்கமும் நியாயம் இருக்கிறது. செடி மொட்டையானால் ரசத்துக்கு எதைக் கிள்ளுவது? இதற்குச் சண்டை வேண்டாம், பாகப்பிரிவினை போதும். உங்கள் ஆளுயரச் செடியின் அடியில் வேரிலிருந்து கன்றுகள் கிளம்பியிருக்கும். இரண்டைப் பெயர்த்துத் தொட்டியில் வையுங்கள். அம்மாவின் தொட்டிக்குக் கொழுந்து விடும் காலத்தில் வலை போட்டு மூடிவிட்டால் முட்டையே விழாது; மருந்தும் தேவையில்லை. மற்றது புழுக்களுக்கு. சிறு தொட்டிச் செடி ஒரே சமயத்தில் இரண்டு மூன்று புழுக்களுக்கு மேல் தாங்காது, ஏனென்றால் புழு தன் வாழ்நாளில் தின்பதில் பெரும்பகுதியைக் கடைசிப் பருவத்து ஐந்தாறு நாட்களில்தான் தின்கிறது. அதிகமானவற்றைப் பெரிய செடிக்கு மாற்றுங்கள். கறிவேப்பிலையில் வளர்ந்ததைக் கறிவேப்பிலைக்கே மாற்ற வேண்டும். பாதியில் எலுமிச்சைக்கு மாற்றினால் சில புழுக்கள் தின்ன மறுத்துப் பட்டினி கிடக்கும். தின்னப்பட்ட செடி சாகாது. கறிவேப்பிலை, ஒடித்தால் தழைக்கும் இனம். இரண்டு மூன்று வாரங்களில் புதுக் கொழுந்து விடும், அதைத் தேடி அடுத்த பூச்சியும் வரும். தெளித்த வேப்பெண்ணெய் வெயிலில் சில நாட்களில் வீரியம் இழந்துவிடும், ஆகவே இப்போதைக்கு நிறுத்தினால் போதும்.

முருங்கை மரம் வேறு விஷயம்

இங்கே நான் புழுவின் பக்கம் இல்லை. அடுத்த வீட்டில் இருப்பது முருங்கைக் கம்பளிப்புழு, அந்துப்பூச்சி வகை. பகலில் அடிமரத்தில் கூட்டமாக அப்பிக்கொண்டிருந்து, இரவில் ஏறி இலை தின்னும். முடி உடைந்து தோலில் குத்தி அரிப்பையும் தடிப்பையும் உண்டாக்கும். புழுவைத் தொட வேண்டும் என்பதில்லை. உதிர்ந்த முடியும் உரித்த தோலும் காற்றில் வந்து உங்கள் துணிக்கொடியில் விழுந்தாலே போதும். மழைக்காலம் முடியும்வரை அந்த மதிலோரம் துணி காயப்போடாதீர்கள்.

மறுபடி யார்மேலாவது பட்டால், முதலில் தேய்க்கக் கூடாது. தோலில் ஒட்டும் டேப்பை ஒற்றி ஒற்றி எடுத்தால் முடிகள் அதோடு வந்துவிடும். பிறகு சோப்புப் போட்டு ஓடும் நீரில் கழுவி, குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். போட்டிருந்த துணியைத் தனியாகத் துவையுங்கள். கண்ணில் பட்டால் கசக்காமல் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள். மூச்சு இளைத்தாலோ, உதடும் முகமும் வீங்கினாலோ வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம்; உடனே மருத்துவமனை. நான் பூச்சி மருத்துவன்தான், பிள்ளைகள் மருத்துவன் இல்லை. கழுத்துத் தடிப்பு இன்னும் மறையவில்லை என்றால் அதையும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

தீப்பந்தம் காட்டுவது பழைய முறைதான். தோப்பில் தனியாக நிற்கும் மரத்துக்கு அது சரி. உங்கள் தெருவில் மரத்துக்கு மேலே மின்கம்பி போகிறது, பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை இருக்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வெப்பத்தில் முடிகள் புகையோடு பறந்து இன்னும் நான்கு வீட்டுக்குப் போகும். அண்டை வீட்டுக்காரரிடம் சண்டையாக இல்லாமல், நீங்களும் உடன் நின்று செய்வதாகச் சொல்லி, இதைச் சொல்லிப் பாருங்கள்: காலையில் புழுக்கள் அடிமரத்தில் கூடியிருக்கும்போது, முழுக்கைச் சட்டை, கையுறை, முகக்கவசம், கண்ணாடி அணிந்து, காற்று நம் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, சோப்புக் கரைசலை நன்றாகத் தெளித்து நனைத்துவிட வேண்டும். நனைந்தால் முடி பறக்காது. பிறகு நீண்ட துடைப்பத்தால் சோப்புத் தண்ணீர் வாளிக்குள் வழித்துத் தள்ளலாம். அடுத்தடுத்து இரண்டு மூன்று காலைகள் செய்ய வேண்டியிருக்கும். மரத்தையே வெட்டிவிடச் சொல்லும் எண்ணம் உங்கள் கடிதத்தில் எட்டிப் பார்க்கிறது. அது அவருடைய மரம், அதற்கு அவசியமும் இல்லை. காய்ப்பு ஓய்ந்ததும் கிளைகளைக் கழித்து எட்டும் உயரத்துக்குக் கொண்டுவந்தால், அடுத்த ஆண்டு புழுவைச் சமாளிப்பதும் எளிது, காய் பறிப்பதும் எளிது. அந்தப் புழு மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகிறது. கோடையில் மரத்தடி மண்ணைக் கொத்திக் கிளறிவிட்டால் கூடுகள் வெயிலிலும் மைனாவிடமும் மாட்டும்.

ரசாயன மருந்து அடிக்க ஆள் கூட்டி வந்தால் மட்டும் கறாராக இருங்கள். கீரையாகவும் காயாகவும் சாப்பிடுகிற மரம். உயரத்திலிருந்து அடிக்கும் மருந்து உங்கள் கறிவேப்பிலையிலும் தண்ணீர்த் தொட்டியிலும் படியும். மருந்தின் பெயரையும், அடித்த பிறகு எத்தனை நாள் பறிக்கக் கூடாது என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு உரிமை இருக்கிறது. இதே புழு தெருவோரத்தில் மாநகராட்சி மரத்தில் இருந்தால் 1913 என்ற எண்ணில் புகார் கொடுக்கலாம். தனியார் மரம் அதன் உரிமையாளரின் பொறுப்பு.

கொசுப் புகை

புகை அடிக்க வேண்டாம் என்று மாநகராட்சி ஊழியரிடம் மல்லுக்கு நிற்காதீர்கள். டெங்கு உள்ள ஊரில் அந்த வாதம் எடுபடாது, எடுபடவும் கூடாது. சத்தம் கேட்டதும் தொட்டிகளை உள்ளே நகர்த்துங்கள். பெரிய செடியில் பையிட்ட கிளைமேல் ஈரத்துணியைப் போர்த்தி, புகை அடங்கியதும் எடுத்துவிடுங்கள். வண்ணத்துப்பூச்சிக்குத் தண்ணீர் வைக்கிறேன் என்று மாடியில் தட்டுகளை நிரப்பி வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை இன்றே நிறுத்துங்கள். டெங்குக் கொசு வளர்வது அப்படித் தேங்கிய நல்ல தண்ணீரில்தான். சோதனைக்கு வருபவர்கள் கண்டால் அபராதமும் உண்டு. வண்ணத்துப்பூச்சி திறந்த நீரில் குடிப்பதில்லை, ஈர மண்ணில் உள்ள உப்புகளை உறிஞ்சும். தட்டில் ஆற்று மணலைப் பரப்பி ஈரமாக வைத்தாலே போதும்.

வழக்கு வருமா?

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. சிவப்பு உடலும் கறுப்பு இறக்கையில் சிவப்புப் புள்ளிகளும் கொண்ட ஓர் அழகி இனம், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டிருந்தது. 2022 திருத்தம் அட்டவணைகளை மாற்றி அமைத்தது. ஆனால் அந்த இனமும் அதன் உறவான ரோஜா அழகியும் கறிவேப்பிலையில் முட்டையிடவே மாட்டா. அவற்றின் புழு தின்பது ஆடுதின்னாப்பாளை, ஈஸ்வரமூலி குடும்பத்துக் கொடிகளை மட்டுமே. அந்தக் கொடிகளின் நஞ்சை உடலில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அவற்றை ஒதுக்கிவிடும்.

உங்கள் வீட்டுக்கு வந்தது கறிவேப்பிலை அழகியின் பெண். அதற்கு உடலில் நஞ்சு எதுவும் கிடையாது. நஞ்சுள்ளவற்றின் வேடத்தைப் போட்டுக்கொண்டு பறவைகளை ஏமாற்றுகிறது. உங்கள் நண்பரையும் ஏமாற்றிவிட்டது. அடுத்த முறை உட்காரும்போது உடலைப் பாருங்கள். உடல் சிவப்பாக இருந்தால் அசல். இறக்கை மட்டும் சிவந்து உடல் கறுப்பாக இருந்தால் வேடம். முட்டையிடும் செடியைப் பார்த்தால் அந்தச் சந்தேகமும் இல்லை.

ஆகவே கறிவேப்பிலைப் புழுவைப் பேத்தி வளர்ப்பதற்காக யாரும் உங்கள் கதவைத் தட்டப்போவதில்லை. சட்டத்தின் கவலை வேட்டையும் வியாபாரமும். பாளைக்கொடியில் கருஞ்சிவப்பு உடலில் சதைக் கொம்புகளோடு புழு கண்டால் மட்டும் பையும் வேண்டாம், ஜாடியும் வேண்டாம்; கொடியிலேயே இருக்கட்டும், படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிடித்து ஊசி குத்திச் சட்டமிடுவது, விழாவில் பறக்கவிட விலைக்கு வாங்குவது போன்றவற்றின் பக்கமே போகாதீர்கள்.

தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சி உங்கள் தோட்டத்துக்கு வருமா என்று பேத்தி தனியாக ஒரு வரி எழுதியிருக்கிறாள். 2019இல் அறிவிக்கப்பட்ட தமிழ் மறவன் மேற்கு மலைத் தொடரின் காடுகளில் வாழ்கிறது பாப்பா. கொடுங்கையூர் வரை வராது. வரக்கூடியவர்களுக்கு இடம் செய்வோம். மாடித் தொட்டியில் ஒரு சீமையகத்தி, தேனுக்கு இட்லிப் பூவும் நித்தியகல்யாணியும் போதும். எருக்கை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து. காலி மனையில் தானாக நிற்பதை யாரும் வெட்டாமல் பார்த்துக்கொண்டாலே வெந்தய வரியன் வந்துவிடும். நாற்றுப் பண்ணையில் வாங்கும் செடிகளுக்குப் பெரும்பாலும் உள்ளூடுருவும் பூச்சிமருந்து கொடுத்திருப்பார்கள். இலை பளபளவென்று இருக்கும், ஆனால் தின்ற புழு செத்துவிடும். வாங்கியதும் பழைய இலைகளைக் கழித்துவிட்டு, இரண்டு மூன்று மாதம் வலைக்குள் வைத்து, புதிதாகத் துளிர்த்த பிறகே வலையை எடுங்கள். விதையிலிருந்து வளர்க்கப் பொறுமை இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. சீமையகத்தி விதை எளிதாக முளைக்கும்.